குறித்த வேளையிற் குறித்த கருமம்

ஆலயமணி வேளையறிந்து ஒலிப்பதற்கு அதனை அடிப்பவர் ஒருவர் வேண்டும். கணினியிலே அத்தகைய ஏவலை மேற்கொள்வது ‘கிரொன்’ எனப்படும் ஒரு சிறு செய்நிரலாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே 1969இல் தோன்றிய யுனிக்ஸ் முறைமையின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தபோது இந்நிரலும் அதனுடன் இருந்தது. இன்று லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் வழங்குவன, 1987இல் போல் விக்ஸி என்பார் ஆக்கியதும் அதன் வழிவந்தனவுமாம். காலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இப்பெயருக்கு மூலம் என்பர்.

கிரொன் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தெழுந்து தன் அட்டவணையை நோக்கும். அந்நிமிடத்துக்குரிய கட்டளை உளதாயின் நிறைவேற்றும். இன்றேல் மீண்டும் உறங்கும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்னும் ஐந்து குறிகளோடு தொடங்கும். உடுக்குறி இட்ட இடம் ‘எதுவாயினும்’ எனப் பொருள்படும். தெல்லிப்பழையிலுள்ள ஒரு பாடசாலை நூலகத்தின் இரவற் பதிவேட்டை நாடோறும் அதிகாலை 2 மணிக்குப் பிரதிசெய்ய வேண்டுமாயின், ‘0 2 * * *’ என எழுதி அதன்பின் கட்டளையை அமைத்தாற் போதும்.

இவ்வெளிமையிலே ஒரு கண்ணியும் உண்டு. ஆடிச் செவ்வாய் நம்மூர்ப் பெண்கள் போற்றும் விரதநாள். அந்நாட்களில் மட்டும் காலை 5 மணிக்கு ஒரு நினைவூட்டல் வேண்டுமென ஒருவர் கருதுகிறார் என்க. ஆடி ஏறக்குறைய யூலை 17இற் பிறப்பதால், யூலைப் பகுதிக்கு ‘0 5 17-31 7 2’ என எழுதுகிறார். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் 17 முதல் 31 வரை எல்லா நாளிலும், அதற்குமேல் யூலையின் மற்றைச் செவ்வாய்களிலும் நினைவூட்டல் வந்துசேரும். திகதியும் கிழமையும் ஒருங்கே வரையறுக்கப்படின், இரண்டும் பொருந்த வேண்டுமெனக் கிரொன் கொள்ளாது. ஒன்று பொருந்தினும் அமையும் என்றே கொள்ளும். ஆதலின் கிழமைக்கு உடுக்குறி இட்டு, இன்று செவ்வாயா என்னும் சோதனையைக் கட்டளைக்குள்ளேயே வைத்தல் தக்கது. பிரதோஷம், அமாவாசை முதலிய திதிவழி நாட்களோ இவ்வட்டவணைக்கு முற்றிலும் புறம்பானவை. அவற்றுக்கு நாடோறும் பஞ்சாங்கக் கணிதம் பார்க்கும் நிரலொன்றையே ஏவவேண்டும்.

கடிகாரமும் என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று. மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே 25 நள்ளிரவில் இலங்கை நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்தள்ளப்பட்டது. 2006 ஏப்பிரல் 15இற் பழைய நேரமே மீண்டது. வன்னியிலே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்காமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் வழங்கியமை பலருக்கு நினைவிருக்கும். நள்ளிரவு 12.15க்கு அமைந்த பணியொன்றை எண்ணிப் பாருங்கள். 1996 மே 25இல் அந்த நிமிடமே அதற்கு வாய்க்கவில்லை. 2006 ஏப்பிரல் 15இலோ, கடிகாரம் 12.30இலிருந்து 12.00க்குத் திரும்பியமையால், அந்த நிமிடம் இருமுறை வந்தது. சம்பளக் கணக்கைப் பதியும் பணியாயின் விளைவு சிறிதன்று. பிற்காலக் கிரொன் நிரல்கள் சில, மூன்று மணிக்குட்பட்ட மாற்றங்களை உணர்ந்து, தவறியதைச் செய்து, செய்ததை மீளச் செய்யாது விடும். பழையவற்றில் அவ்வறிவு இல்லை.

மின்சாரம் நின்றாற் கிரொனும் நிற்கும். 2022இன் முற்பகுதியில் நாடெங்கும் மின்வெட்டு மணிக்கணக்காக நீடித்தது. அதிகாலை 2 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அன்றைய பிரதி இல்லை. மின் வந்தபின் கிரொன் அதனை நினைந்து செய்வதுமில்லை. இக்குறையைத் தீர்ப்பது ‘அனாகிரொன்’. அது மணியை நோக்காது, கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்பதையே நோக்கும். இரவில் அணைக்கப்படும் பாடசாலைக் கணினிகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் துணிபு.

இன்னுமொன்று. கட்டளை தரும் செய்திகளைக் கிரொன் உரியவருக்கு அஞ்சலாக அனுப்பும். அஞ்சல் ஏற்பாடில்லாத கணினியிலே பிழைச்செய்தி எவர் கண்ணிலும் படாது. பிரதியெடுத்தல் நின்று மாதங்கள் கழிந்தாலும் அட்டவணை முன்போலவே காட்சிதரும். ஆகவே செய்திகளை ஒரு கோப்பில் எழுதுவித்தலோடு, வாரமொருமுறை பிரதியைத் திறந்து, அதன் கடைசி வரி நேற்றைய இரவலா என்று நூலகர் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.