மின்னொளியில் ஒரு பிடி

திருவிழாக் காலத்தில் தென் மாவட்டச் சுவர்களில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்ற நோட்டீஸைப் பார்க்காமல் ஒரு ஊரைத் தாண்டிவிட முடியாது. விளையாட்டைப் படமெடுக்கப் பழக வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், அந்த நோட்டீஸில் உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். எல்லாருக்கும் கிரிக்கெட் எடுக்கத்தான் ஆசை. ஆனால் அங்கே மட்டை பிடிப்பவர் எல்லைக் கோட்டிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி நிற்கிறார். அவர் முகம் தெரிய வேண்டுமானால் ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு லென்ஸ் வாங்க வேண்டும். கபடிக் களம் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. அவ்வளவுதான். ஆட்டம் நம் மடியில் வந்து விழும் தூரத்தில் நடக்கிறது; சில சமயம் ஆட்டக்காரர்களே வந்து விழுகிறார்கள்.

நான் முதன்முதலாக எடுக்கப் போன அன்று தொள்ளாயிரம் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் முதுகு. மீதியில் கைகால்கள் புகையாகக் கலைந்திருந்தன. சிலவற்றில் மேல்பாதி பளிச்சென்றும் கீழ்ப்பாதி மஞ்சள் பூத்து இருண்டும் கிடந்தது. கேமராவில் கோளாறு என்று முடிவுகட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர். கோளாறு கேமராவில் இல்லை.

கைகால் கலைந்தது வெறும் கணக்கு. பாய்ந்து திரும்பும் ரைடரின் உடல் விநாடிக்கு 5 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 5 சென்டிமீட்டர் போய்விடுவார். மூக்கு இருந்த இடத்துக்குக் கன்னம் வந்திருக்கும். 1/500 வைத்தால் அந்த நகர்வு 1 சென்டிமீட்டர். 1/1000 வைத்தால் அரை. கபடிக்கு 1/500 போதும் என்பது என் அனுபவம். உதைக்கும் காலின் நுனி கொஞ்சம் கலைந்தால் நான் கவலைப்படுவதில்லை, முகம் மட்டும் கலையக் கூடாது. கிரிக்கெட்டில் கதை வேறு. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 1/1000 விநாடியில்கூட ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நகரும். பந்தின் குறுக்களவே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். படத்தில் அது கோழிமுட்டையாகிவிடும்.

ஷட்டரை வேகமாக்கினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கம்பத்தில் கட்டிய நாலு ஃபோகஸ் லைட்டை நம்பி நடக்கும் ஆட்டத்தில் இது பெரிய இடி. இங்கேதான் கேமராவோடு வரும் கிட் லென்ஸ் கையை விரிக்கும். ஜூம் செய்த நிலையில் அதன் திறப்பு எஃப் 5.6. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 50 எம்.எம். லென்ஸின் திறப்பு எஃப் 1.8. எண் சிறியதானால் வாய் பெரியது. வெளிச்சத்தின் அளவு அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது; 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 9.7 வரும். ஏறக்குறைய பத்து மடங்கு! 50 எம்.எம்.மில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200-ல் எடுக்கும் படத்துக்குக் கிட் லென்ஸில் முப்பதாயிரத்துக்கு மேல் போக வேண்டும். அந்த அளவில் படத்தின் மேல் யாரோ ரவையைக் கொட்டியது போலிருக்கும். முதல் செலவு எது என்று கேட்டால் எனக்கு யோசனையே தேவையில்லை. புது கேமரா வேண்டாம், அந்தச் சின்ன லென்ஸை வாங்குங்கள்.

பாதி வெளிச்சம், பாதி இருட்டு விவகாரம்தான் இதில் சுவாரசியமானது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் உண்டு என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. கண் இதைக் கண்டுகொள்வதில்லை, கேமரா கண்டுகொள்ளும். ஷட்டர் என்றால் ஒரு கதவு திறந்து மூடுவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை நகர்ந்து வழிவிடும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/1000 போன்ற வேகத்தில் முதல் திரை போய்ச் சேரும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளிதான் சென்சாரின் மேல் ஓடுகிறது, ஜெராக்ஸ் இயந்திரத்தில் வெளிச்சப் பட்டை ஓடுமே, அது மாதிரி. சென்சாரைக் கடக்க அதற்கு 1/250 விநாடி அளவுக்கு ஆகிறது. விளக்கு ஒருமுறை கூடிக் குறைய 1/100 விநாடி. ஆக, படத்தின் ஒரு ஓரம் விளக்கின் உச்சத்திலும் மறு ஓரம் அது சோர்ந்த நேரத்திலும் பதிவாகிவிடுகிறது.

இப்போதைய கேமராக்கள் பலவற்றில் ஆன்டி ஃபிளிக்கர் என்று ஒரு வசதி உண்டு. விளக்கின் தாளத்தைக் கவனித்து, உச்சம் வரும்போது மட்டும் ஷட்டரை விடும். அது இல்லாவிட்டால் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஒன்றாவது உச்சத்தில் விழும். மின்னோட்டத்தைச் சீராக்கும் நல்ல டிரைவர் வைத்த எல்இடி விளக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தீர்ந்ததே என்று தோன்றும். பாடிப் போகிறவரின் கண் கூசினால் அடுத்த நிமிடம் ஊரே உங்களைப் பாடி அனுப்பும்.

இனி முதுகு. இதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது.

அன்று நான் புள்ளி எழுதுகிறவர் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன். வசதியான இடம், டீயும் வந்தது. ஆனால் பிடிக்கிறவர்கள் சூழ்ந்ததும் என் பக்கம் இருந்தவர்களின் முதுகுகள் ரைடரை மூடிவிட்டன. இப்போது கடைசிக் கோட்டுக்கு வெளியே, மூலையை ஒட்டி, இரண்டு மீட்டர் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருகிறேன். ஆட்டக்காரர்கள் குனிந்து ஆடுகிறவர்கள். நின்று எடுத்தால் தலைமுடிதான் கிடைக்கும். சம்மணம் போட்டு உட்காராதீர்கள், ஏழு பேர் மொத்தமாகச் சரிந்து வரும்போது எழ நேரமிருக்காது.

இந்த இடத்திலிருந்து ரைடுகள் இரண்டு விதம். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நம்மை நோக்கிப் பாடி வருவார். அவர் முகம் தெரியும், ஆனால் நடுவில் பிடிக்கிறவர்களின் முதுகுகள். புதிதாக வருகிறவர்கள் இந்த ரைடுக்குத்தான் கேமராவைத் தூக்குவார்கள். அடுத்த ரைடில் நம் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போவார். வெறும் முதுகு. கேமராவைக் கீழே இறக்கிவிடத் தோன்றும். இறக்காதீர்கள். தொட்டுவிட்டோ பிடிபட்டோ அவர் திரும்பித்தானே ஆக வேண்டும்? நடுக்கோட்டைத் தொட அவர் பாயும்போது முகம் முழுக்க நம் பக்கம். காலைக் கட்டிக்கொண்டிருப்பவர், இடுப்பில் தொங்குகிறவர், மேலே விழப்போகிறவர், அத்தனை பேர் முகமும் நம் பக்கம். நல்ல கபடிப் படங்கள் பெரும்பாலும் முதுகில் தொடங்கியவை.

நடுக்கோடு இங்கிருந்து எட்டரை மீட்டர். சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் அந்தத் தூரத்தில் 4 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஒரு பிடியும் அதன் கூட்டமும் அடங்கிவிடும். எஃப் 1.8-லும் அங்கே இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். ஆகவே நடுக்கோட்டில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, ஆட்டம் அங்கே வரட்டும் என்று காத்திருக்கலாம். ஆட்டோ ஃபோகஸை ஓடவிட்டால் குறுக்கே வரும் தோளையும் முழங்கையையும் அது பிடித்துக்கொள்ளும்.

இடத்தின் பெருமைக்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லூயிஸ்டன் என்ற ஊரில் முகமது அலியும் சோனி லிஸ்டனும் மோதினார்கள். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். விழுந்தவர் மேல் நின்று, கையை மடக்கி, அலி கத்தும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எடுத்த நீல் லைஃபருக்கு வயது 22. எதிர்ப்புறம் இருந்தவர் அவரைவிட மூத்த, பேர்பெற்ற ஹெர்ப் ஷார்ஃப்மன். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. லைஃபரின் படத்தை உற்றுப் பார்த்தால், அலியின் கால்களுக்கு இடையே கேமராவோடு ஷார்ஃப்மன் தெரிவார். எனக்கு அலியைவிட அவரைப் பார்க்கத்தான் மனம் போகும்.

இடம் சரி, நேரம்? கண் பார்த்து விரல் அழுத்த ஏறக்குறைய கால் விநாடி ஆகும். அதற்குள் ரைடர் ஒரு மீட்டருக்கு மேல் போயிருப்பார். கண்ணாடி தூக்கும் பழைய வகைக் கேமராவில் இன்னொரு வேடிக்கை: படம் பதிவாகும் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது படத்தில் இல்லை. ஆகவே நடக்கப்போவதை ஊகித்தே அழுத்த வேண்டும், ஊகிக்க ஆட்டம் தெரிய வேண்டும். ஒரு ரைடுக்கு 30 விநாடி. இருபதைத் தாண்டினால் ரைடர் ஏதாவது செய்தே தீருவார். கோத்த கைகள் விடுபடுவது ஒரு சைகை. மூலையில் நிற்பவர் ரைடரின் முகத்தை விட்டுக் காலையே பார்க்கத் தொடங்கினால் கணுக்காலுக்கு ஆபத்து. சின்ன வயதில் தெருவில் சடுகுடு ஆடியவருக்கு இதெல்லாம் பாடமே இல்லை, உடம்பிலேயே இருக்கும். நீங்கள் ஆடியது கபடி இல்லை, கைப்பந்து என்றால் கைப்பந்தில் தொடங்குங்கள்.

பிடி முடிந்ததும் எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும் ஆசை வரும். அந்த ஐந்து விநாடியில்தான் ஒருவர் தொடையைத் தட்டுவார், இன்னொருவர் மண்ணைத் தட்டிக்கொண்டு தலைகுனிந்து வெளியேறுவார். கேமரா கண்ணிலேயே இருக்கட்டும்.

விழாக் குழுவிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை மறைக்காதீர்கள். பெண்கள் ஆட்டத்தில் உடை விலகிய, விழுந்து கிடக்கும் படங்களை அங்கேயே அழித்துவிடுவது என் வழக்கம். யாரும் கேட்டுச் செய்வதல்ல. நல்ல படங்களை மறுநாள் வாட்ஸப்பில் ஆட்டக்காரர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த ஊரில் அவர்களே உங்களுக்கு மூலையில் இடம் போட்டு வைப்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. என்றாவது நடுக்கோட்டுத் தகராறு வரும். கை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று இரண்டு அணியும் உங்களைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, படத்தைக் காட்டுங்க" என்பார்கள். தரையோடு தரையாக வைத்து எடுத்த படத்தில், கோட்டுக்கு எட்டாமல் தரையில் ஊன்றிய விரலும் கோட்டைத் தொட்டது போலத்தான் தெரியும். மெமரி கார்டு நிறைந்துவிட்டது, அந்த ரைடை எடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.