புதுப்பித்தலின் பொறுப்பு

திரையில் கோடும் வண்ணமும் உருவமும் வரைவதற்கான கட்டளைகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. ஆயத்தமாக உள்ள வரைகலை நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகின்றனர். 1998இல் வெளிவந்த எஸ்டிஎல் அத்தகைய நூலகமாகும். 2013இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கட்டளைகள் பல மாறின. பழையதை நீக்கி, அவ்விடத்தில் புதியதை வைத்திருந்தால் முன்னர் எழுதப்பட்ட விளையாட்டுகள் இயங்கியிரா. எனவே, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்திற்கு அடிப்படையான டெபியனில், இரு பதிப்புகளும் வெவ்வேறு பெயர்கொண்ட பொதிகளாக அருகருகே இடம்பெற்றன. பின்னர், பழைய கட்டளைகளைப் புதிய நூலகத்திற்கு ஏற்ப மாற்றித்தரும் இடைநிரலும் எழுதப்பட்டது. நூலகத்தைப் புதுப்பிப்போர், அதனை நம்பி இயங்கும் நிரல்களையும் உடன் அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவர் ஆவர்.