வீடு மகளுக்கு, கணக்கு யாருக்கு?

அட்டாளைச்சேனையில் மகள் பிறந்தால் வாப்பாவின் மனதில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். வளவு, அத்திவாரம், கல், மண், ஓடு. வீடு அவளுக்கென்று எழும்பும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். நம் கிழக்கிலங்கைக் கரையில் குடிவழியும் தாயைத் தொட்டே வருகிறது. ஆனால் அதே மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்கப்போவதாகச் சொன்னால், "மெட்ஸ் கஷ்டம் மகள், பயோ செய்யுங்க" என்கிறோம்.

கணக்கு ஆண் மூளைக்கே கூடுதலாக வருமா? இந்த வாதம் பழையது. அமெரிக்காவில் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பரீட்சித்த கமில்லா பென்போ, ஜூலியன் ஸ்டான்லி இருவரும் 1983இல் ஒரு விகிதத்தை வெளியிட்டார்கள்: 13 வயதுக்குள் கணிதப் பரீட்சையில் 700 புள்ளிகளோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் ஒரு சிறுமிக்கு 13 சிறுவர்கள். இயற்கையே பிரித்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். 1990களின் தொடக்கத்துக்குள் அந்த 13 ஏறக்குறைய நான்காகச் சுருங்கிற்று. பத்து வருடத்தில் மரபணு மாறாது. பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்புத்தான் மாறியிருக்கும். 2008இல் ஜேனட் ஹைட் குழு சுமார் 70 இலட்சம் அமெரிக்க மாணவரின் பெறுபேறுகளை ஆராய்ந்தபோது, சராசரி வேறுபாடு பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. மிக உச்சத்தில் ஆண்கள் இன்னும் கூடுதல். உண்மையான விவாதம் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

நமக்கு நெருக்கமான சான்று வடகிழக்கு இந்தியாவில் கிடைத்தது. அங்கே தாய்வழிச் சொத்துரிமை கொண்ட காசி மக்களும் தந்தைவழி கர்பி மக்களும் அருகருகே வாழ்கிறார்கள். 2011இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 1,300 பேரிடம், துண்டுகளைப் பொருத்தி உருவம் அமைக்கும் புதிர் கொடுக்கப்பட்டது. கர்பிப் பெண்கள் ஆண்களைவிட 36 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். காசி மக்களிடம் அந்த இடைவெளி காணப்படவில்லை. புதிர் முழுக் கணிதமல்ல. சில கிராமங்கள் முழு உலகமுமல்ல. என்றாலும், சொத்தும் படிப்பும் பெண்ணுக்குச் சேரும் இடத்தில் அவள் திறனும் வேறாகத் தெரிகிறது என்பது பெரிய செய்தி.

நாமோ வீட்டைக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தடுக்கிறோம். அந்தத் தடை எப்போது தொடங்குகிறது? 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு 25 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. முதலாம் வகுப்புக்குள் நுழையும்போது ஆண், பெண் பிள்ளைகளிடையே வேறுபாடு இல்லாத அளவுதான். நான்கே மாதத்தில் சிறுவர்கள் முந்தத் தொடங்கினார்கள்; ஒரு வருடத்தில் இடைவெளி வளர்ந்துவிட்டது. அது பிள்ளையின் வயதைவிட, பள்ளியில் கழித்த காலத்தையே பின்பற்றியது.

ஆகவே உயர்தரத்தில் நாம் காண்பது முடிவு. தொடக்கம் தரம் 1இல். ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. பொறியியல் பீடம் பக்கத்து ஒலுவிலில். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறுமியின் பதின்மூன்று வருடப் பாதை. அவள் கூட்டல் பிழைத்தால் சரியான விடையை உடனே சொல்லிவிடாமல், "இன்னொருக்காச் செய்து பாருங்க மகள்" என்று பொறுத்திருக்கும் ஆசிரியர் அந்தப் பாதைக்கு வேண்டும். வாப்பாவும் அவ்வாறே பொறுத்திருக்கட்டும். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது அவசரப்படாதவர்தானே அவர்.