சொல்லும் நிலமும் – 12
கழி: கடல் நிலத்துக்குள் வரும் வழி

மங்களூரில் மழைக்காலத்தில் மீன்பிடிப் படகு கவிழ்ந்தால், பெங்களூர்க் கடைகளில் தொங்கும் கன்னட நாளிதழ்களில் 'அளிவெ பாகிலு' என்ற சொல் கண்ணில் படும். நேத்ராவதியும் குருபுரா ஆறும் சேர்ந்து கடலில் விழும் குறுகிய வாய்க்கு அந்தப் பெயர். பாகிலு என்றால் வாசல். மணல் மேடிட்டு வாசல் ஒடுங்கினால் படகுகள் அலையில் மாட்டிக்கொள்ளும்.

அளிவெ நமக்கு வேற்றுச் சொல் அல்ல. மலையாளத்தில் அது அழி, அழிமுகம். தமிழ் அகராதியிலும் ஆற்றின் வாயைக் குறிக்க 'அழிவி' இருக்கிறது. பேச்சில் அதன் இடத்தை முகத்துவாரம் எடுத்துக்கொண்டது. அந்த வாசலைத் தாண்டிக் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து நீண்டு கிடக்கும் இடம்தான் கழி. உப்பங்கழி, கழிமுகம், கழிவெளி எல்லாம் இதன் கிளைகள். ஈழத்தில் இதற்கு உறவான நிலத்தைக் களப்பு என்கிறார்கள். மட்டக்களப்பின் பெயரிலேயே அது இருக்கிறது.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் என்றால் கழியும் கானலும்தான். இரவில் தலைவியைக் காண வருகிறவனை மறிப்பது சுறாவும் முதலையும் திரியும் கழி. அதன் கரையில் தாழையும் கண்டலும் நிற்கும். பக்கத்தில் உப்பு விளையும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள பிச்சாவரத்தில் இன்றும் அந்த நிலத்தைப் பார்க்கலாம். ஓதம் ஏறும்போது நீர் வேர்களை மூடும். வடிந்ததும் சேற்றிலிருந்து வெண்கண்டலின் மூச்சுவேர்கள் விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். காற்றுப் புகாத சேற்றில் அந்த மரம் சுவாசிப்பது அவற்றின் வழியாகத்தான். 2022இல் பிச்சாவரமும், 2024இல் கர்நாடகத்தின் அகநாசினிக் கழிமுகமும் ஈரநிலங்களுக்கான உலக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நார்வேயின் ஃபியோர்டையும் தமிழில் 'கடற்கழி' என்று எழுதுகிறோம். அது பொருந்தாது. ஃபியோர்டு, பனியாறு பாறையைக் குடைந்த பள்ளத்தில் கடல் நிறைந்தது. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும். நம் கழியோ ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் தள்ளிய மணலும் சேர்ந்து உருவாக்கிய ஆழமற்ற நீர். ஃபியோர்டு என்ற பழைய நார்ஸ் சொல்லின் வேருக்குக் 'கடந்து செல்லுதல்' என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஃபெர்ரி'யும் அதே குடும்பம். படகில் கடந்தவர்கள் வைத்த பெயர் அது. அதை ஃபியோர்டு என்றே எழுதுவோம். கழியைக் கழிக்கே வைத்துக்கொள்வோம்.

கடலே இல்லாத பெங்களூருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை இந்த நகரத்தின் கிழக்கே ஓடுகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் அதில்தான் சேர்கிறது. ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை எத்தனையோ முறை செய்திகளில் பார்த்துவிட்டோம். கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே அந்த ஆறு கடலைத் தொடுகிறது. நண்டு, இறால் குஞ்சுகள் வளரும் முகத்துவாரம் அங்கே இருக்கிறது.

கழி வேறு, கழிவு வேறு. இந்த ஊரில் சாக்கடைக்குள் எதை ஊற்றுகிறோம் என்று ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு ஆலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு கொண்டுபோய்ச் சேர்ப்பது கடலூர் மீனவரின் வலைக்கு.

(தொடரும்)