ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா?

பழைய டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வரையும் 24 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா டெஸ்லா பி40 கார்டையும் வாங்கி, ஏஐ வேலைகளைச் சொந்தமாக ஓட்டலாம் என்று பலர் இறங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் "ஸ்லாட் இருக்கு, போட்டா ஓடும் சார்" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

முதலில் மின்சாரம். ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பி40 கேட்பதோ 250 வாட். மீதி தனிக் கேபிளில்தான் வர வேண்டும். மேசைக் கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் 8 பின் கேபிளும், பி40 கேட்கும் பிராசஸர் வகை 8 பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசையில் மற்றதில் கிரவுண்ட். பிளாஸ்டிக் முனையின் வடிவத்தில் சிறு வேறுபாடு உண்டு. அழுத்தித் திணித்தால் உள்ளே போய்விடும். பவர் போட்ட கணமே ஷார்ட் ஆகி கார்டு, ஸ்லாட் இருக்கும் ரைசர் பலகை, மதர்போர்டு எது வேண்டுமானாலும் கருகலாம். சர்வர் பக்கத்து முனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த மாடலுக்கும் அந்தக் கார்டுக்கும் என்றே செய்த கேபிளைக் கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டரில் சோதித்த பிறகே செருகுங்கள்.

ஆர்730-இல் 495, 750, 1100 வாட் பவர் சப்ளைகள் வருகின்றன. இப்படிப்பட்ட கார்டுக்கு 1100 வாட்தான் சரி. பி40-க்குச் சொந்த ஃபேன் கிடையாது, சர்வரின் காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். கேமிங் கார்டு என்றால் வேறு சிக்கல்: மேல்விளிம்பில் கேபிள் செருகினால் 2யூ உயரமே உள்ள இந்த சர்வர் பெட்டியின் மூடியே மூடாது. 70 வாட்டில் ஓடும் டெஸ்லா டி4-க்குத் தனிக் கேபிளே வேண்டாம். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் சொன்ன தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான். பில் தராமல் இருப்பதும், பில்லில் கெடு எதுவும் குறிக்காத நிலையில் குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கம்பெனி பெயரில் பில் போடுவதற்குமுன் இதை யோசியுங்கள்.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீரவில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அங்கே பேசப்போவது உங்கள் கையிலுள்ள காகிதம். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, சர்வர் மாடலையும் கார்டு மாடலையும் குறிப்பிட்டு "இரண்டும் பொருந்தும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.