அப்பாவோட லாரியில ஆயில் லீக்: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருந்து வந்து பெங்களூர்லயும் சென்னையிலயும் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த ஃபோன் கால் புதுசு இல்ல. "கண்ணு, வண்டி ஆயில் ரொம்ப அடிக்குது. ஷெட்ல எஞ்சினை இறக்கிடலாம்னு சொல்றாங்க. ஒன்றரை ஆகுமாம்." ஒன்றரைன்னா ஒன்றரை லட்சம். மறுநாள் நீங்க பர்சனல் லோன் ஆப்பைத் திறக்கிறீங்க.

கொஞ்சம் பொறுங்க. அந்த ஒன்றரை லட்சம் தேவையான செலவாவும் இருக்கலாம். முப்பதாயிரத்துல முடியற வேலையாவும் இருக்கலாம். எதுன்னு தெரியாம அனுப்பினா, அடுத்த மூணு வருஷம் உங்க சம்பளத்துல இஎம்ஐ போகும். எஞ்சின் விஷயம் மெக்கானிக்குக்குத் தெரியும், நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. பணம் நம்மளோடது, அதனால நாலு கேள்வி கேட்கிற அளவுக்காவது தெரிஞ்சிருக்கணும்.

உதாரணத்துக்கு டாடா 2515 மாதிரி ஒரு பழைய வண்டியை எடுத்துக்கலாம். அதுல இருக்கிறது கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். நல்ல உழைப்பாளி. ஆனா வயசான எந்த டீசல் எஞ்சினும் எங்கேயாவது ஆயில் கசியத்தான் செய்யும்.

முதல் கேள்வி: லீக் எங்கே?

இதுக்கு "கீழ இருந்து சொட்டுது"ன்னு பதில் வந்தா, அது பதிலே இல்ல. ஆயில் எங்க கசிஞ்சாலும் கீழ இறங்கும். வண்டி ஓடும்போது காத்துல பின்னாடி போகும். மேல வால்வ் கவர் பேக்கிங்ல கசியற ஆயில், கடைசியில கியர்பாக்ஸ் பக்கம் சொட்டுறதைப் பார்த்துட்டு "கிராங்க் பின் சீல் போயிடுச்சு"ன்னு கியர்பாக்ஸை இறக்கினவங்க உண்டு. கூலி போச்சு, லீக் நிக்கல.

அதனால முதல்ல எஞ்சினை நல்லா வாட்டர் சர்வீஸ் பண்ணி, காய வெச்சு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பார்க்கணும். ஈரம் இருக்கிற இடத்துலயே உயரமான இடம் எதுவோ, அதுதான் ஆரம்பம். சந்தேகம் இருந்தா சுத்தி பவுடர் தூவினா கோடு தெரியும். சில நூறு ரூபாயும் அரை நாளும்தான் செலவு.

ஃபில்டர் ஹவுசிங், ஆயில் கூலர் பேக்கிங், டர்போவுல இருந்து ஆயில் இறங்கற ஹோஸ், ஆயில் பிரஷர் சென்சார், சம்ப் டிரெயின் போல்ட் இதெல்லாம் சின்ன வேலை. வெளியில இருந்தே முடியும். பெரிய கூலி ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, பக்கவாட்டுல இருக்கிற டேப்பெட் கவர் பேக்கிங். பொருள் விலை சில நூறுதான். ஆனா அது டீசல் பம்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, பம்பைக் கழட்டாம கை போகாது. திரும்ப மாட்டும்போது பம்ப் டைமிங் சரியா வைக்கணும். இல்லேன்னா லீக் நின்னு மைலேஜ் போயிடும்.

இன்னொண்ணு கிராங்க் பின் சீல். இதுக்குக் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூணும் இறங்கணும். இந்த எஞ்சினுக்கு வர்ற பின் சீல்ல உதட்டுப் பகுதியில ஆயிலோ கிரீஸோ தடவாம, துடைச்சு, டிரையா மாட்டணும். பழக்கதோஷத்துல கிரீஸ் தடவி மாட்டினா புது சீலும் கசியும். கிராங்க் மேல பழைய சீல் தேய்ச்ச பள்ளம் இருந்தா அதுக்கு ஸ்லீவ் போடணும். முன்பக்க டைமிங் கவரைத் திறக்கிற மாதிரி வந்தா, உள்ளே இருக்கிற சின்ன டவல் பின் லூஸா இருக்கான்னு பார்த்து லாக் பண்ணச் சொல்லுங்க. அது நழுவி கியருக்குள்ள விழுந்தா எஞ்சினே காலி. இந்த எஞ்சின்ல இது பேர் போன பிரச்சினை.

ரெண்டாவது கேள்வி: பேக் கம்ப்ரஷன் இருக்கா?

ஒன்றரை லட்சமா முப்பதாயிரமான்னு முடிவு பண்றது இந்தக் கேள்விதான். பிஸ்டன் ரிங், லைனர் தேய்ஞ்சுபோனா எரிஞ்ச புகை கீழ இறங்கி எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் வழி தேடி எல்லா சீல்லயும் ஆயிலைத் தள்ளும். அந்த நிலைமையில நீங்க சீலை மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்துல வேற இடத்துல கசியும்.

சோதனை ரொம்ப எளிது. எஞ்சின் சூடானதும் ஐடில்ல ஓடவிட்டு, ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டித் தலைகீழா அதே ஓட்டை மேல சும்மா வைக்கணும். லேசா ஆடினா பரவாயில்ல. தூக்கி எறிஞ்சு புகை குபுகுபுன்னு வந்தா எஞ்சின் வேலை உண்மையாவே இருக்கலாம். அப்பவும் அவசரப்படாதீங்க. பிரீதர் குழாய் அழுக்கு அடைச்சிருந்தாலும் இதே அறிகுறி வரும், அதைச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி பாருங்க. அப்பாகிட்ட இதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். மெக்கானிக்கை நம்பலைன்னு அர்த்தம் இல்ல. ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்காம ஆபரேஷனுக்குப் பணம் கட்டுவோமா?

இப்போ கணக்கு

கீழே வர்ற எண்கள் கணக்குக்காக நான் வெச்சது. உங்க வண்டிக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

வண்டி மாசம் 5,000 கி.மீ. ஓடுது. 500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறையுது. மாசம் 10 லிட்டர், லிட்டர் ₹300ன்னா ₹3,000. வருஷத்துக்கு ₹36,000. ரிப்பேர் பக்கம், பின் சீல், பேக்கிங், கூலி, புது ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ₹32,000. நாலு நாள் வண்டி நிக்கும். டீசல், பேட்டா, டோல் போக நாளுக்கு ₹2,500 நிக்கும்னா ₹10,000 இழப்பு. மொத்தம் ₹42,000.

ஆயில் காசை மட்டும் பார்த்தா இந்த ₹42,000 திரும்ப வர 14 மாசம் ஆகும். அதனாலதான் நிறைய பேர் "ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம்"னு விட்டுடறாங்க. அந்தக் கணக்குல தப்பு இல்ல, ஆனா பாதிதான். மீதிப் பாதி, ராத்திரி ஓட்டத்துல ஒரு தடவை டிரைவர் ஆயில் பார்க்காம விட்டா என்ன ஆகும்னு பார்க்கிறது. பிரஷர் இறங்கி பேரிங் பிடிச்சா கிராங்க் கிரைண்டிங், லைனர் பிஸ்டன், டோயிங், இருபது நாள் ஷெட்டு. இதை ₹2,50,000ன்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்குப் பத்துல ஒரு வாய்ப்புன்னாலும் ₹25,000 ரிஸ்க். ஆயிலோட சேர்த்து ₹61,000. இப்போ ரிப்பேர் எட்டு மாசத்துல தன்னை மீட்டுக்குது. கசியற ஆயில் டர்போ, சைலன்சர் மேல பட்டா தீப்பிடிக்கிற அபாயமும், கிளட்ச் பிளேட்ல ஏறினா ஸ்லிப்பும் தனி. அதுக்கு நான் விலை போடல.

ஆனா மூணு மாசத்துல வண்டியை விக்கப் போறீங்கன்னா கணக்கு மாறும். மூணு மாசத்துக்கு ஆயிலும் ரிஸ்க்கும் சேர்ந்து ₹15,000தான். அப்போ கேட்க வேண்டியது, லீக்கைப் பார்த்து வாங்கறவர் எவ்வளவு குறைப்பார்ங்கிறதுதான். புரோக்கர்கிட்ட ரெண்டு விலையும் கேளுங்க. போன வருஷம் டயருக்கு எவ்வளவு போட்டோம்ங்கிறதை இந்த முடிவுக்குள்ள கொண்டு வராதீங்க. அது போன காசு.

கியர்பாக்ஸ் எப்படியும் இறங்குதுன்னா கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க. பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா இப்பவே மாத்திடலாம், ஏன்னா இறக்கி ஏத்தற கூலி ரெண்டாவது தடவை கொடுக்க வேண்டாம். ஆனா "கையோட ஹெட்டையும் பார்த்துடலாம்"ங்கிறது வேற வேலை, வேற கூலி. அதுக்கு நோ சொல்லலாம்.

கடன், இன்ஷூரன்ஸ், டாக்ஸ்

₹1,50,000 பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் ₹5,127. வட்டி மட்டும் ₹34,500க்கு மேல. கவனிங்க, பின் சீல் வேலையோட மொத்த பில்லே ₹32,000தான். கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் டியூ கட்டற யோசனை இருந்தா, பல கார்டுகள்ல மாசம் 3.5% அளவு வட்டி. அதுக்கு அப்பாவோட சொசைட்டி கடனே மேல்.

இன்ஷூரன்ஸ்ல கிடைக்குமான்னு கேட்பீங்க. தேய்மானத்தால வர்ற லீக், மெக்கானிக்கல் பழுது எதுக்கும் ஓன் டேமேஜ் பாலிசி பணம் தராது. ஆனா கல் அடிச்சு சம்ப் உடைஞ்சா அது விபத்து, க்ளெய்ம் பண்ணலாம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கு: சம்ப் உடைஞ்ச பிறகும் ஓட்டி எஞ்சின் பிடிச்சா, அந்தக் கூடுதல் சேதம் உங்க தலையில. அதனால டிரைவர் வண்டியை அங்கேயே நிறுத்தி ஃபோட்டோ எடுக்கணும்.

"பில் போட்டா டாக்ஸ் மிச்சம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பத்து வண்டி வரைக்கும் வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் 1961 சட்டத்தோட 44ஏஇ முறையிலதான் வருமானம் காட்டறாங்க. 12 டன்னுக்கு மேல எடை உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாசம் ₹1,000. ஆர்சியில 25 டன்னுன்னா வருஷத்துக்கு ₹3,00,000. வண்டி ஷெட்ல நின்ன மாசமும் இதுல சேரும், ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. அப்பாவுக்கு வேற வருமானம் இல்லேன்னா, புது வரி முறையில ₹4,00,000 வரைக்கும் வரியே இல்லாதப்போ கழிக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. உங்க சம்பளத்துலயும் இதைக் காட்ட முடியாது. நீங்க அப்பாவுக்குக் கொடுக்கிற பணம் பரிசுன்னா அவருக்கு வரி கிடையாது. கடனா கொடுக்கிறீங்கன்னா ₹20,000ம் அதுக்கு மேலயும் ரொக்கமா கொடுக்காதீங்க, அக்கவுண்ட்ல போடுங்க.

பில் வாங்கச் சொல்றது டாக்ஸுக்காக இல்ல. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லும் கூலியும் தனித்தனியா இருந்தாதான் ஒரிஜினல் சீலா டூப்ளிகேட்டான்னு தெரியும். விலை வித்தியாசம் சில நூறு. அதுக்காக மறுபடி கியர்பாக்ஸ் இறக்கினா யாருக்கு நஷ்டம்?

வேலை முடிஞ்சதும் பணத்தை மொத்தமா அனுப்பிடாதீங்க. பொருளுக்கு முழுசா, கூலியில பாதி. 200 கி.மீ. லோடோட ஓட்டிட்டு வந்து, துடைச்ச எஞ்சின் அடியில அட்டை விரிச்சு ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அட்டை காஞ்சிருந்தா மீதிக் கூலியை அன்னைக்கே ஜிபே பண்ணிடுங்க.