காஜா, கல்க்கா, கல்லே, கல்க்கே

கொரிய மொழியில் ‘கா’ என்றால் போ. அந்த வினைக்குப் பின்னால் ஒட்டுவதை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால், இரண்டு நண்பர்களுக்குள் ஒரு சனிக்கிழமை மாலைக்கான ஏற்பாடு முழுவதும் பேசி முடிந்துவிடும். ‘காஜா’ என்றால் போவோம். ‘கல்க்கா?’ என்றால் போகலாமா? ‘கல்லே?’ என்றால் வர்றியா, உனக்கு விருப்பமா? ‘கல்க்கே’ என்றால் சரி, வந்துடறேன். (கல்லைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறதே என்று தமிழ்க் காது முதலில் சிரிக்கும்.) நான், நீ, நாம் எதுவும் இந்தப் பேச்சில் வராது. யார் போகிறார்கள், யார் அழைக்கிறார்கள், யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் வினையின் கடைசி அசையிலேயே இருக்கிறது.

கொரியப் பள்ளி இலக்கணம் வாக்கியங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி ஆகிய நான்கும் நமக்குப் பழக்கமானவை. ஐந்தாவது வகை, ‘வா, சேர்ந்து செய்வோம்’ என்கிற அழைப்பு. ‘போவோம்’, ‘போகலாம்’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆங்கிலத்தின் வழியாகக் கொரியன் படிப்பவருக்குத்தான் இதற்கு ஒரு தனிப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

வியப்பு ‘கல்க்கே’யில் இருக்கிறது. அது வாக்குறுதி கொடுப்பதற்கென்றே இருக்கும் விகுதி. தன்னைப் பற்றி மட்டுமே அதில் பேச முடியும். ‘அவன் வருவான்’ என்பதற்கு அது பொருந்தாது, கேள்வியாகவும் மாறாது. கொரியனின் இந்த விகுதிகளை ஆராய்ந்த மியோக் பாக், பால் போர்ட்னர், ரஃபாயெல்லா ஸனுட்டீனி ஆகிய மொழியியலாளர்கள் கட்டளை, வாக்குறுதி, அழைப்பு மூன்றையும் ஒரே வகையின் மூன்று வடிவங்களாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ‘செய்ய வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டளை, கேட்பவருடைய பட்டியலில் ஒரு வரி எழுதுகிறது. வாக்குறுதி, சொல்பவருடைய பட்டியலில் எழுதுகிறது. அழைப்பு இருவர் பட்டியலிலும் எழுதுகிறது. சொல்வதே ஒரு செயல்தான் என்று தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வாதிட்டார். கொரியன் பேசுகிறவர்கள் அதை விகுதியிலேயே எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு ஓரளவு நெருங்கி வருவது ‘விடு’ என்கிற துணைவினை. ‘வர்றேன்’ என்பதற்கும் ‘வந்துடறேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். பின்னதில்தான் எதிராளி கொஞ்சம் நிம்மதி அடைகிறார். கொரியனில் என் திட்டத்தை வெறும் தகவலாகச் சொல்ல வேறு ஒரு வடிவம் இருக்கிறது: ‘கல் கொயா’. நண்பர் ‘ஏழு மணிக்கு வந்துடு’ என்று கேட்கும்போது அதைப் பதிலாகச் சொன்னால், நீ கேட்டதற்காக அல்ல, நான் எப்படியும் போகத்தான் போகிறேன் என்பதுபோல் விறைப்பாக ஒலிக்கும்.

சொற்களின் பொருளில் தமிழர் இடறி விழுகிற இடம் ‘வா’, ‘போ’ இரண்டும்தான். நண்பன் வீட்டுக்கோ, அவன் காத்திருக்கும் கடைக்கோ கிளம்பும்போது நாம் ‘வர்றேன்’ என்போம். நம் ‘வா’, கேட்பவர் இருக்கும் இடத்தையும் மையமாக எடுத்துக்கொள்ளும். கொரிய ‘வா’வுக்கு அந்தத் தாராளம் கிடையாது; பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால்தான் அது வருகை. மற்றதெல்லாம் போவதுதான். ஆகவே பேருந்தில் இன்னும் ஏறாமலே நாம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற ‘வந்துக்கிட்டே இருக்கேன்’, கொரியனில் ‘காகோ இஸ்ஸொ’, அதாவது ‘போய்க்கிட்டிருக்கேன்’ என்று ஆகும். (பொய் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.) வருதல், போதல் போன்ற சொற்கள் யாரை மையமாக வைத்து இயங்குகின்றன என்பதை மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1971இல் சாண்டா குரூஸில் ஆற்றிய உரைகள் மொழியியலில் ஒரு தனிப் பகுதியாகவே வளர்த்துவிட்டன.

இடறல்கள் இருந்தாலும், மொத்தத்தில் தமிழருக்கு இது இறக்கமான பாதைதான் என்பது என் கருத்து. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர் கொரியனில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி ஆகும் என்று கணக்கிடுகிறது. தமிழுக்கு அதில் பாதி. ஆங்கிலத்திலிருந்து பார்க்கும் தூரம் அது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, ‘நேற்றுப் பார்த்த படம்’ என்பதுபோல் பெயரெச்சம் முன்னால் நிற்கிறது. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதில் கண்ணுக்கு வேலை இல்லை. முயன்று பார் என்று பொருள். கொரியனிலும் ‘சாப்பிட்டு’க்குப் பின் ‘பார்’ என்கிற வினையே வந்து, அதே பொருளைத் தருகிறது. ‘வாங்கிக் கொடு’ என்பதும் அப்படியே.

இந்த ஒற்றுமையில் முதலில் மயங்கியவர்கள் தமிழர்கள் அல்லர். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க மதபோதகர் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. துருக்கி, மங்கோலியன், ஜப்பானியம் ஆகியவற்றிலும் இதே கட்டமைப்பு இருக்கிறது. ‘அப்பா’ இரு மொழியிலும் இருப்பதை வைத்து நமக்குப் பகிரப்படும் காணொளிகளுக்கும் பதில் உண்டு: குழந்தை வாயில் எளிதாக வரும் ஒலிகளிலிருந்து அத்தகைய சொற்கள் உலகெங்கும் தனித்தனியே பிறக்கின்றன. உறவு இல்லாவிட்டால் என்ன, கற்றுக்கொள்கிறவருக்குக் கட்டமைப்பு போதும்.

விகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் ‘வா போ’ என்பதா ‘வாங்க போங்க’ என்பதா என்று முடிவெடுப்பதுபோல், கொரியரும் எந்த வாக்கியத்தையும் முடிப்பதற்குள் எதிரிலிருப்பவர் யார் என்று தீர்மானித்தாக வேண்டும். இலக்கண நூல்கள் ஆறு படிகளைச் சொல்கின்றன. அன்றாடத்தில் பெரும்பாலும் புழங்குவது நான்கு. நண்பர்களுக்குள் இரண்டு போதும். ‘கல்க்கா?’ நெருக்கமானவருக்கு; ‘யோ’ சேர்த்து ‘கல்க்காயோ?’ என்றால் மரியாதை. எதைச் சொல்வது என்பதை முதலில் தீர்மானிப்பது வயது. ‘சிங்கு’ என்கிற நண்பன், வழக்கில் பெரும்பாலும் அதே ஆண்டில் பிறந்தவன்தான். ஓராண்டு மூத்தவர் எவ்வளவு நெருங்கினாலும் அண்ணனோ அக்காவோதான். அதனால்தான் புதிதாக அறிமுகமாகும் இருவர் படம் பிடிக்குமா, காபி பிடிக்குமா என்பதற்கு முன்பே எந்த ஆண்டு பிறந்தவர் என்று கேட்டுக்கொள்கிறார்கள். 2023 ஜூன் 28 முதல் தென்கொரியா, பிறந்தவுடனே ஒரு வயது என்கிற பழைய கணக்கை விட்டு உலகக் கணக்கைச் சட்டப்படி பொதுவாக்கியது. நட்பு வட்டத்தில் பிறந்த ஆண்டின் ஆட்சி அதனால் முடிந்துவிடவில்லை.

பாடப்புத்தகம் காலைவாரிவிடும் இடமும் ஒன்று உண்டு. ‘கப்சிதா’ என்பதை ‘போவோம்’ என்பதன் மரியாதை வடிவம் என்று பல நூல்கள் அறிமுகப்படுத்தும். மூத்தவரிடம் போய் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்; அது சமமானவரையோ இளையவரையோ பார்த்துச் சொல்வது. அவரிடம் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும்.

ஏன் கேள்வி? பெனிலோப் பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட மரியாதைக் கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அந்த ஆய்வு நின்றது மூன்று மொழிகளின் மேல்: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். அழைப்பு என்பது அன்பானதாக இருந்தாலும் இன்னொருவர் நேரத்தின் மேல் கை வைப்பதுதான். மறுக்க வழி விட்டுக் கேட்பது அந்தக் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது.

மறுப்பதற்கும் வழி தயாராக இருக்கிறது. ‘ஓனுருன் ஜோம்…’ என்று இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்: ‘இன்னிக்கு மட்டும் கொஞ்சம்…’. வினையும் இல்லை, விகுதியும் இல்லை. எல்லாவற்றையும் விகுதியில் சொல்லும் மொழியில், விகுதியே வராமல் போனால் அதுதான் ‘முடியாது’. ‘இன்னிக்கு’ என்பதோடு ஒட்டும் ‘உன்’ என்ற உருபு, வேறொரு நாள் முடியலாம் என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. திறந்த கதவு உண்மையானதா என்பதற்கு ஒரே சோதனை, மறுத்தவர் தானாக வேறு தேதி சொல்கிறாரா என்பது. அதுபோலவே ‘ஒன்ஜே பாப் ஹன்பொன் மொக்ஜா’, ‘ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்’ என்று விடைபெறும்போது சொல்வதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளக் கூடாது. நம் ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’வை நம்பி யாரும் பெட்டி கட்டுவதில்லையே.

தேதி உறுதியானால் எண்கள் வரும். கொரியனில் இரண்டு எண் வரிசைகள்: சொந்த எண்கள், சீனத்திலிருந்து வந்த எண்கள். ஒரே நேரத்தைச் சொல்ல இரண்டும் தேவை. மூன்று முப்பது என்பது ‘சே ஷி சம்ஷிப் புன்’; மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். எத்தனை பேர் என்பதற்குச் சொந்த எண். சியோலில் இளைஞர்கள் சந்திக்கும் ஹொங்தே மெட்ரோ நிலையத்தின் ஒன்பதாம் வாசலைச் சொல்லச் சீன எண். ராணுவத்தில் ‘பதினைந்து மணி’ என்று இருபத்து நான்கு மணிக் கணக்கில் மணியையும் சீன எண்ணிலேயே சொல்கிறார்கள். இந்த இரட்டை வரிசை கொரியர்களையே கவிழ்த்ததுண்டு. 2020இல் ஆகஸ்ட் 17ஐச் சிறப்பு விடுமுறையாக அரசு அறிவித்தபோது, ‘சாஹுல்’ தொடர் விடுமுறை என்று செய்திகள் வந்தன. சாஹுல் என்பது சொந்தச் சொல், மூன்று நாள். சீன எண்ணில் ‘சா’ என்றால் நான்கு. மூன்றா, நான்கா என்று இளைஞர்கள் தேடியதில் அந்தச் சொல்லே தேடல் பட்டியலில் மேலே ஏறியது.

ஒலியில் ஒரு சலுகை நமக்கு உண்டு. தமிழில் ‘க’ சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் உயிர்களுக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிப்பதுபோல் கொரியனின் சாதாரண மெய்களும் ஒலிக்கின்றன. ராகத்தில்தான் கவனம் வேண்டும். ‘காயோ’ என்கிற ஒரே வடிவம் செய்தி, கேள்வி, அழைப்பு, கட்டளை நான்குக்கும் பயன்படும். பிரிப்பது கடைசி அசையின் ஏற்ற இறக்கம் மட்டுமே. சியோல் பேச்சின் ராகத்தைக் குறிக்க மொழியியலாளர் சுன்-ஆ ஜுன் வகுத்த முறையில் தொடரின் இறுதிக்கு மட்டும் ஒன்பது குறியீடுகள் இருக்கின்றன.

2010இல் வந்த ககாவோடாக் என்கிற குறுஞ்செய்திச் செயலியில் ராகமும் இல்லை. அங்கே சமவயது நண்பர்கள் மெய்யெழுத்தை மட்டும் தட்டி வேலையை முடிக்கிறார்கள். க ஒலிக்கான எழுத்தை இருமுறை தட்டினால் ‘கோ கோ’, கிளம்பலாம். விகுதி, மரியாதை எல்லாம் காணாமல் போயிருக்கும். அதனாலேயே மூத்தவருக்கு அதை அனுப்ப முடியாது. அலுவலகத்தில் மேலாளர் மாலை விருந்துக்கு இடம் சொன்னால் ‘நே’, ஆமாம், என்று மட்டும் எழுதுவதுகூடச் சற்று வெட்டென்று படும் என்று தயங்குகிறார்கள் இளைய ஊழியர்கள். ஒரு ‘ப்’ சேர்த்து ‘நேப்’ என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் இப்படிப் பதில் எழுதும் பழக்கத்துக்கு அவர்களே ‘நேப் நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.